ஒரு புள்ளி பின்தங்கிய அணி: 1992 யூரோ கோப்பையும் டென்மார்க்கும்

1991 நவம்பரில் ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பைக்கான தகுதிச் சுற்றின் நான்காவது பிரிவு முடிந்தபோது யூகோஸ்லாவியா 14 புள்ளியோடு முதலிடம், டென்மார்க் 13 புள்ளியோடு இரண்டாமிடம். வெற்றிக்கு இரண்டு புள்ளி கொடுத்த காலம் அது. எட்டு ஆட்டத்தில் யூகோஸ்லாவியா தோற்றது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றிலும் பெல்கிரேடுக்கே போய் 2-1 என்று ஜெயித்தது டென்மார்க்தான். ஆனால் அதற்கு முன்பே சொந்த மண்ணில் யூகோஸ்லாவியாவிடம் 0-2 என்று தோற்றிருந்தார்கள், பெல்ஃபாஸ்ட்டில் வட அயர்லாந்தோடு 1-1 டிரா செய்திருந்தார்கள். பிரிவுக்கு ஓர் அணிதான் போட்டி நடக்கவிருந்த ஸ்வீடனுக்குப் போகலாம். டென்மார்க் வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று.

இந்தப் புள்ளிக் கணக்கை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. 1992 யூரோ பற்றி எங்கே பேச்சு வந்தாலும் ஒரே கதைதான் சொல்லப்படுகிறது: கடற்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த டென்மார்க் வீரர்களைக் கூப்பிட்டார்கள், அவர்கள் பயிற்சியே இல்லாமல் வந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கேட்க இனிமையான கதை. அதை நம்பி நானும் பல வருடம் பிறரிடம் சொல்லியிருக்கிறேன். ஆட்டங்களின் பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்த பிறகு, அந்தக் கதை இரண்டு அணிகளுக்கு அநியாயம் செய்கிறது என்று எனக்கு உறுதியாகப்பட்டது. ஒன்று, கோப்பையை வென்ற டென்மார்க். மற்றொன்று, யாருடைய இடத்தில் டென்மார்க் ஆடியதோ அந்த அணி.

வெளியேற்றப்பட்டவர்கள்

அந்த அணியிலிருந்தே தொடங்குகிறேன். 1990 உலகக் கோப்பையில் காலிறுதி வரை வந்து அர்ஜென்டினாவிடம் பெனால்டியில் மட்டுமே தோற்றது யூகோஸ்லாவியா. 1991இல் ஐரோப்பாவின் சாம்பியன் கிளப் பெல்கிரேடின் ரெட் ஸ்டார். இந்த யூரோவின் தகுதிச் சுற்றில் எல்லாப் பிரிவிலும் சேர்த்து அதிக கோல் அடித்தவர் டார்கோ பான்செவ், 10 கோல். பயிற்சியாளர் இவிட்சா ஓசிம், சரயேவோவில் பிறந்தவர்.

தகுதிச் சுற்று நடந்துகொண்டிருக்கும்போதே நாடு உடைந்தது. 1991 கோடையில் ஸ்லோவேனியாவிலும் குரோஷியாவிலும் சண்டை மூண்டது. குரோஷிய வீரர்கள் அணியை விட்டு விலகினார்கள். 1992 ஏப்ரலில் போஸ்னியாவில் போர் வெடித்து சரயேவோ முற்றுகைக்குள் போனது. ஓசிமின் மனைவியும் மகளும் அந்த நகரத்துக்குள் சிக்கிக்கொண்டார்கள். மே 23 அன்று அவர் பதவியை விட்டு விலகினார். தன் ஊருக்காகத் தன்னால் செய்ய முடிந்தது இது ஒன்றுதான் என்று அவர் சொன்னபோது குரல் உடைந்தது. போட்டி தொடங்க மூன்று வாரம்கூட இல்லை.

எஞ்சிய அணி ஸ்வீடனுக்கு வந்தும் சேர்ந்துவிட்டது. மே 30 அன்று ஐ.நா. பாதுகாப்புக் குழு தீர்மானம் 757ஐ நிறைவேற்றியது. வணிகம், விமானப் போக்குவரத்து என்று போட்ட தடைகளோடு விளையாட்டுக்கும் தடை. வந்த வீரர்கள் பந்தைத் தொடாமலே திரும்பிப் போனார்கள். அந்த இடம் பிரிவில் இரண்டாவதாக வந்த டென்மார்க்குக்குப் போனது. டென்மார்க்கின் முதல் ஆட்டம் ஜூன் 11 அன்று இங்கிலாந்தோடு. இடையில் இருந்தது 12 நாள்.

டென்மார்க்கின் வெற்றியைக் கொண்டாடும்போது இந்தப் பின்னணியைத் தாண்டிப் போகக் கூடாது என்பது என் கருத்து. அவர்களுக்குக் கிடைத்த வாய்ப்பு ஒரு போரின் விலை. அதில் டென்மார்க் வீரர்களின் தவறு எதுவும் இல்லை. ஆனால் அந்தத் தலைமுறை யூகோஸ்லாவிய வீரர்கள் ஒரே அணியாக எவ்வளவு தூரம் போயிருப்பார்கள் என்பதைப் பார்க்கும் வாய்ப்பு யாருக்கும் கிடைக்கவில்லை.

கடற்கரைக் கதை எவ்வளவு உண்மை?

பயிற்சியாளர் ரிச்சர்ட் மோலர் நீல்சன் வீட்டில் சமையலறையைப் புதுப்பிக்கும் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார் என்பது உண்மை. அவரே அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். சீசன் முடிந்து சில வீரர்கள் விடுமுறை மனநிலையில் இருந்ததும் உண்மைதான். ஆனால் அணி சிதறிக் கிடக்கவில்லை. ஜூன் 3 அன்று, கலைந்துபோன சோவியத் நாடுகளின் கூட்டணி அணியோடு ஒரு நட்புறவு ஆட்டம் முன்பே ஏற்பாடாகியிருந்தது. அந்த அணி யூரோவுக்குப் போகிற அணி. டென்மார்க் அதற்குப் பயிற்சித் துணை. ஆட்டம் 1-1 என முடிந்தது. ஆக, 12 நாளில் ஒன்று ஒழுங்கான ஆட்டமாகவே கழிந்தது.

அதைவிடப் பெரிய விஷயம், இவர்கள் ஒருவரையொருவர் நன்றாக அறிந்தவர்கள். கோபன்ஹேகனின் புறநகரில் உள்ள பிரென்பி கிளப் 1991 ஏப்ரலில் யூஇஎஃப்ஏ கோப்பையின் அரையிறுதி வரை வந்து, ரோமாவிடம் கடைசி நிமிடங்களில் விழுந்த கோலால் வெளியேறியிருந்தது. அந்த அணியின் கோல்கீப்பர் பீட்டர் ஷ்மைக்கேல், டிஃபென்ஸில் லார்ஸ் ஓல்சன், நடுக்களத்தில் ஜான் யென்சன், கிம் வில்ஃபோர்ட். 1992க்குள் ஷ்மைக்கேல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் ஓல்சன் துருக்கியின் டிராப்சோன்ஸ்போருக்கும் போய்விட்டாலும், தேசிய அணியின் முதுகெலும்பு அந்த பிரென்பி கூட்டம்தான். கோல்கீப்பருக்கு முன்னால் யார் எந்தப் பக்கம் ஓடுவார் என்பது பல வருடப் பழக்கம். 12 நாளில் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியது அதிகம் இல்லை.

இல்லாதது ஒருவர்தான், அவரோ நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். மைக்கேல் லவுட்ரப் 1992 மே மாதம் பார்சிலோனாவோடு ஐரோப்பிய சாம்பியன் கோப்பையை வென்றவர். 1990 நவம்பரில், யூகோஸ்லாவியாவிடம் தோற்ற பிறகு, அவரும் தம்பி பிரையனும் தேசிய அணியை விட்டு விலகினார்கள். மோலர் நீல்சனின் ஆட்டமுறை தற்காப்பு மிகுந்தது, கற்பனை குறைந்தது என்பது அவர்களுடைய மனக்குறை. தம்பி திரும்பி வந்தார், அண்ணன் வரவில்லை.

மோலர் நீல்சனை அன்று நாட்டில் பலருக்குப் பிடிக்கவில்லை. அவருக்கு முன் இருந்த ஜெர்மானியர் செப் பியன்டெக்கின் அணி 1984 யூரோவில் அரையிறுதி, 1986 உலகக் கோப்பையில் உருகுவேயை 6-1 என்று துவைத்தது. ஆடினால் பார்க்கப் பரவசம். ஆனால் கோப்பை ஒன்றும் வரவில்லை. பியன்டெக் போன பிறகு கால்பந்துச் சங்கம் முதலில் தேடியது வேறொரு ஜெர்மானியரை. அவருடைய கிளப் விடவில்லை என்பதால்தான் உதவியாளராக இருந்தவருக்குப் பதவி வந்தது. இரண்டாம் தெரிவான அணி, இரண்டாம் தெரிவான பயிற்சியாளர்.

மூன்று ஆட்டம், மூன்று புள்ளி

ஸ்வீடனில் அட்டவணை ஏற்கெனவே குலுக்கிப் போடப்பட்டிருந்தது. யூகோஸ்லாவியாவின் பெயரை எடுத்துவிட்டு டென்மார்க்கின் பெயரை எழுதினார்கள். இதில் ஒரு நல்லது நடந்தது. மூன்று பிரிவு ஆட்டங்களில் இரண்டு மால்மோவில். கோபன்ஹேகனுக்கு எதிர்க்கரை அது. பாலம் வந்தது 2000இல்தான், அன்று படகு. மாலையில் படகேறி ஆட்டம் பார்த்துவிட்டு இரவே வீடு திரும்பலாம். அந்நிய மண் என்ற பெயரே தவிர, மைதானம் முழுக்க சிவப்பு வெள்ளை.

இங்கிலாந்தோடு 0-0. யென்சன் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அந்த ஓர் ஆட்டத்திலேயே இந்த அணிக்கு மூச்சு இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஸ்டாக்ஹோமில் ஸ்வீடனோடு 0-1, கோல் தாமஸ் புரோலின். இரண்டு ஆட்டம், ஒரு புள்ளி, ஒரு கோல்கூட இல்லை. பெட்டியைக் கட்ட வேண்டிய நிலைமை.

மூன்றாவது ஆட்டம் பிரான்ஸோடு. தகுதிச் சுற்றில் எட்டுக்கு எட்டும் ஜெயித்து வந்த பிரான்ஸ். பயிற்சியாளர் மிஷெல் பிளாட்டினி, முன்களத்தில் பப்பான், கன்டோனா. பிரான்ஸுக்கு டிரா போதும், டென்மார்க்குக்கு வெற்றி வேண்டும். 8ஆவது நிமிடம் ஹென்ரிக் லார்சன் அடித்தார். 60ஆவது நிமிடம் பப்பான் சமன் செய்தார். 78ஆவது நிமிடம் மாற்று வீரராக வந்திருந்த லார்ஸ் எல்ஸ்ட்ரப் கோலுக்கு மிக அருகிலிருந்து பந்தைத் தள்ளினார். 2-1. அதே மாலையில் ஸ்வீடன் இங்கிலாந்தை 2-1 என்று வென்றது. மூன்று ஆட்டத்தில் மூன்று புள்ளி எடுத்த டென்மார்க் அரையிறுதிக்குப் போனது.

கோதன்பர்க், ஜூன் 22

எதிரே நடப்புச் சாம்பியன் நெதர்லாந்து: வான் பாஸ்டன், குல்லிட், ரைக்கார்ட், கூமன், இளம் பெர்க்காம்ப். இந்தப் போட்டியிலேயே மிகச் சிறந்த ஆட்டம் இதுதான் என்று நான் தயங்காமல் சொல்வேன். 5ஆவது நிமிடம் பிரையன் லவுட்ரப் பக்கவாட்டிலிருந்து கொடுத்த பந்தை லார்சன் தலையால் முட்டினார். பெர்க்காம்ப் சமன் செய்தார். 33ஆவது நிமிடம் மறுபடி லார்சன். இந்த லார்சன் இத்தாலியில் பீசா கிளப்பில் சரிப்படாமல் ஊருக்கே இரவலாகத் திரும்பி ஆடிக்கொண்டிருந்தவர். போட்டி முடிந்தபோது அதிக கோல் அடித்த நால்வரில் ஒருவர்.

இரண்டாம் பாதியில் ஹென்ரிக் ஆண்டர்சன் வான் பாஸ்டனோடு மோதி விழுந்தார். முழங்கால் சில்லு உடைந்திருந்தது. அவர் வலியில் கத்துவது பதிவில் இன்றும் காதுகொடுத்துக் கேட்க முடியாத அளவுக்கு இருக்கிறது. நான்கு நிமிடம் மிச்சம் இருக்கும்போது ரைக்கார்ட் சமன் செய்தார், 2-2. கூடுதல் நேரத்தில் டென்மார்க் வீரர்கள் நடந்தே ஆடினார்கள் என்று சொல்லலாம். கால் பிடித்துக்கொண்டவர்கள், நொண்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் களத்தில்தான்.

பெனால்டியில் நெதர்லாந்தின் இரண்டாவது ஆள் வான் பாஸ்டன். அன்றைய உலகின் மிகச் சிறந்த ஸ்ட்ரைக்கர். ஷ்மைக்கேல் தன் இடப்பக்கம் பாய்ந்து தடுத்தார். மற்ற எல்லோரும் போட்டார்கள். ஐந்தாவதாக வந்தவர் டிஃபெண்டர் கிம் கிறிஸ்டோஃப்டே. பந்தை வைத்தார், இரண்டடி தள்ளி நின்றார். ஓட்டம் என்று எதுவும் இல்லை. வாசலில் கிடக்கும் பந்தைத் தெருவுக்குத் தள்ளுகிறவர் மாதிரி காலை வீசினார். உள்ளே. 1984 அரையிறுதியில் ஸ்பெயினிடம் இதே பெனால்டியில்தான் டென்மார்க் தோற்றிருந்தது.

வில்ஃபோர்ட்

நடுக்களத்து வீரர் கிம் வில்ஃபோர்ட்டின் மகளுக்கு ரத்தப் புற்றுநோய். ஏழு வயதுக் குழந்தை. ஸ்வீடனோடு ஆடிய பிறகு குழந்தையின் நிலை மோசமானதால் அவர் முகாமை விட்டு டென்மார்க் போனார். பிரான்ஸ் ஆட்டத்தில் அவர் இல்லை. குடும்பத்தாரே போய் ஆடு என்று சொல்லி அனுப்பினார்கள். வந்து அரையிறுதி ஆடினார், நான்காவது பெனால்டியைப் போட்டார், மறுபடி மருத்துவமனைக்குப் போனார், இறுதிக்குத் திரும்பினார். கோப்பை வந்து சில வாரத்தில் குழந்தை இறந்துபோனது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த அணியின் இறுக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும், அவ்வளவுதான்.

இறுதியாட்டமும் ஒரு பழைய விதியும்

ஜூன் 26, அதே கோதன்பர்க், 37,800 பார்வையாளர்கள். எதிரே உலகச் சாம்பியன் ஜெர்மனி. நாடு ஒன்றான பிறகு ஆடிய முதல் பெரிய போட்டி அவர்களுக்கு. ஆரம்பத்தில் ஜெர்மனிதான் அழுத்தியது. 18ஆவது நிமிடம் வில்ஃபோர்ட் வலப்பக்கம் பிரெமேயிடமிருந்து பந்தைப் பறித்தார், ஃப்ளெமிங் பவ்ல்சன் பின்னால் தள்ளினார், ஓடி வந்த யென்சன் பெனால்டிப் பெட்டியின் விளிம்பிலிருந்து முழுப்பலத்தோடு அடித்தார். வலை மேலே துள்ளியது. யென்சன் கோலுக்குப் பெயர் போனவர் இல்லை. இந்த ஒரு கோலின் நினைவில் அர்செனல் அவரை வாங்கியது. அங்கே அவர் முதல் கோல் அடித்தது 1994 டிசம்பர் 31 அன்று.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த ஆய்வின் மையம். அந்த நாளில் சக வீரர் காலால் தள்ளிவிடும் பந்தைக் கோல்கீப்பர் கையில் எடுக்கலாம். டென்மார்க் அதை ஓர் ஆயுதமாகவே வைத்திருந்தது. ஜெர்மானியர் நெருங்கினால் ஓல்சன் திரும்பி ஷ்மைக்கேலுக்குத் தள்ளுவார். ஷ்மைக்கேல் குனிந்து எடுப்பார், நிதானமாக நாலடி நடப்பார், பக்கத்தில் உருட்டிவிடுவார். வாங்கியவர் இரண்டு தொடுதலில் மறுபடி அவருக்கே தள்ளுவார். பதிவைப் பார்க்கும்போது இன்றைய பழக்கத்தில் கை விசிலுக்குத் துடிக்கிறது. ஒவ்வொரு முறையும் ஜெர்மனியின் அழுத்தம் வடிந்து முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. சோர்ந்த கால்களுக்கு இது மூச்சு வாங்கக் கிடைத்த நேரம்.

அந்த ஜூலையிலேயே விதி மாறியது. காலால் தள்ளிய பந்தைக் கோல்கீப்பர் கையால் தொடக் கூடாது. 1990 உலகக் கோப்பையின் மந்தமான ஆட்டங்களைப் பார்த்தே இந்த மாற்றத்துக்குப் பேச்சு எழுந்திருந்தது, டென்மார்க்கால் வந்ததல்ல. ஆனால் பழைய விதியில் நடந்த கடைசி யூரோவில், அந்த விதியை அவர்களைப் போல யாரும் பயன்படுத்தவில்லை. ஒரு மாதம் கழித்து இதே போட்டி நடந்திருந்தால் கோப்பை வேறு கைக்குப் போயிருக்கவும் கூடும்.

அதற்காக வெறும் நேரம் கடத்தித் தப்பினார்கள் என்று சொன்னால் ஷ்மைக்கேலுக்குச் செய்யும் துரோகம். கிளின்ஸ்மன் தலையால் முட்டியதை விரல் நுனியால் கம்பிக்கு மேலே தட்டிவிட்டார். கூட்டத்துக்கு நடுவே உயரமாக வந்த ஒரு பந்தை ஒற்றைக் கையால் பறித்தார், மாமரத்தில் காய் பறிக்கிற மாதிரி. 78ஆவது நிமிடம் வில்ஃபோர்ட் பந்தைக் கட்டுப்படுத்தினார். கையில் பட்டது என்று ஜெர்மானியர் கைதூக்கினார்கள், சுவிஸ் நடுவர் காலர் கேட்கவில்லை. இருவரை வெட்டித் திரும்பி இடது காலால் தரையோடு அடித்தார். கம்பத்தில் பட்டு உள்ளே போனது. 2-0. கையில் பட்டதா என்றால், பட்டது போலத்தான் எனக்குத் தெரிகிறது.

ஜூன் 2ஆம் தேதிதான் டென்மார்க் மக்கள், ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கும் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்துக்கு 50.7 சதவீத வாக்கில் வேண்டாம் என்று சொல்லி ஐரோப்பாவைச் சங்கடத்தில் ஆழ்த்தியிருந்தார்கள். இறுதியாட்ட நாளில் லிஸ்பனில் ஐரோப்பியத் தலைவர்கள் கூடியிருந்தார்கள். டென்மார்க்கின் வெளியுறவு அமைச்சர் எல்லமன் யென்சன் அணியின் கழுத்துத் துண்டோடு வந்து, அவர்களோடு சேர முடியாவிட்டால் அவர்களை ஜெயித்துவிட வேண்டியதுதான் என்றார்.

எதனால் வென்றார்கள்?

ஐந்து ஆட்டம். ஆட்ட நேரத்துக்குள் ஜெயித்தது இரண்டு. ஒன்று தோல்வி, ஒன்று டிரா, ஒன்று பெனால்டி. அடித்தது ஆறு, வாங்கியது நான்கு. இதில் அதிர்ஷ்டம் இல்லை என்று யாரும் வாதிட முடியாது. ஆனால் தயாரிப்பு இல்லாமையே அவர்களை விடுவித்தது, பயமின்றி ஆட வைத்தது என்ற விளக்கத்தை நான் பாதிதான் ஏற்கிறேன். எதிர்பார்ப்பின் சுமை இல்லை, முகாமில் கெடுபிடி குறைவு, அது உதவியிருக்கும். மீதிப் பாதி, தகுதிச் சுற்றிலேயே 13 புள்ளி எடுத்த, தங்களுக்குள் பழகிய, உலகின் தலைசிறந்த கோல்கீப்பரை வைத்திருந்த, விதியை முழுதாக அறிந்து ஆடிய ஓர் அணி. மைக்கேல் லவுட்ரப் இருந்திருந்தால் ஆட்டம் அழகாயிருக்கும். மோலர் நீல்சனின் கணக்கு குலைந்தும் இருக்கலாம்.

லவுட்ரப் 1993இல் திரும்பி வந்தார். அவரோடு சேர்ந்து 1994 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றை ஆடியது ஐரோப்பியச் சாம்பியன் டென்மார்க். 12 ஆட்டத்தில் வாங்கியது இரண்டே கோல். கடைசி ஆட்டம் 1993 நவம்பர் 17, செவிய்யா. ஸ்பெயினின் கோல்கீப்பர் தொடக்கத்திலேயே சிவப்பு அட்டை வாங்கிப் போனார். பத்துப் பேரோடு ஆடிய ஸ்பெயினிடம் ஹியர்ரோ தலையால் அடித்த ஒரு கோலில் தோற்றார்கள். அயர்லாந்தும் டென்மார்க்கும் 18 புள்ளி, கோல் வித்தியாசமும் இருவருக்கும் 13தான். அயர்லாந்து அடித்தது 19, டென்மார்க் 15. உலகக் கோப்பை நடந்த அமெரிக்காவுக்கு, அதிக கோல் அடித்த அயர்லாந்து போனது. அந்தக் கோடையில் டென்மார்க்குக்கு அழைப்பு எதுவும் வரவில்லை.